கிழிந்த வலை, பேசும் பாவை: வட சென்னையில் ஒரு சர்க்கஸ் காதல் நாடகம் போட முழுமையான வழிகாட்டி

வால்டாக்ஸ் ரோட்டில் ஒற்றைவாடை தியேட்டர் இருந்த நாளில், சிறுவர்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனி நாடகம் பார்க்க எங்கெங்கிருந்தோ வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள் என்று என் தாத்தா சொல்வார். இன்று ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு "நாடகம் போடப் போறோம்" என்றால், "மயிலாப்பூர் சபா எதுலயாவது கேட்டுப் பாருங்க" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலைக் கேட்டுச் சலித்த பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, இரண்டு மணி நேர இசை நாடகம் ஒன்று போட்டோம். நொடித்துப்போன ஒரு சர்க்கஸ், அதற்குள் ஒரு காதல். கையில் காசு இல்லாதவர்கள் காசு இல்லாத சர்க்கஸைப் பற்றி நாடகம் போடுவதில் ஒரு வசதி உண்டு. செட்டு கிழிந்திருந்தால் அதுவும் கதையில் சேர்ந்துவிடும்.

நாங்கள் செய்ததையும், செய்து கெடுத்ததையும் வரிசையாக எழுதுகிறேன். இதே மாதிரி ஒன்றைப் போட நினைப்பவர்களுக்கு உதவும்.

படி 1: முன்னோடியைத் தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் மூடி வையுங்கள்

சர்க்கஸ் காதலை மேடையில் பாட்டாக்கியதில் பேர் பெற்றது 'கார்னிவல்' என்ற அமெரிக்க இசை நாடகம். 1953இல் வந்த 'லிலி' என்ற ஹாலிவுட் படத்தின் கதைதான். 1961 ஏப்ரல் 13 அன்று நியூயார்க் இம்பீரியல் தியேட்டரில் மேடையேறி, 719 காட்சிகள் ஓடியது. பாட்டும் இசையும் பாப் மெரில், வசனம் மைக்கேல் ஸ்டூவர்ட், இயக்கம் கோவர் சாம்பியன். போக்கிடம் இல்லாத ஒரு பெண் சர்க்கஸுக்கு வந்து சேர்கிறாள். வந்ததுமே மாயவித்தைக்காரனிடம் மயங்குகிறாள். அவளை உள்ளூர நேசிப்பவனோ கால் விந்தும் ஒரு பொம்மலாட்டக்காரன். நேரில் பேசினால் எரிந்து விழுவான், பாவையைக் கையில் மாட்டிக்கொண்டால் குரலில் தேன் வழியும். அவள் அந்தப் பாவைகளோடுதான் மனம்விட்டுப் பேசுகிறாள்.

இதில் படிக்க வேண்டிய பாடம் அதன் தொடக்கம். முன்னிசை கிடையாது. வெறும் மைதானம், விடியற்காலை வெளிச்சம். ஆட்கள் ஒவ்வொருவராக வந்து நம் கண்முன்னே சர்க்கஸை எழுப்புகிறார்கள். திரைச்சீலைக்கே வழியில்லாத நமக்கு இதைவிடத் தோதான தொடக்கம் அமையாது.

ஆனால் பாட்டையோ வசனத்தையோ பாவைகளின் பெயர்களையோ எடுக்காதீர்கள். நம் சட்டத்தில் பதிப்புரிமை, எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நிற்கும். அமெச்சூர் குழு இலவசமாக நடத்தும் நிகழ்ச்சிக்குச் சட்டப் பிரிவு 52இல் ஒரு விலக்கு உண்டு என்பது உண்மைதான். அதை நம்பி மொழிபெயர்த்துத் தழுவப் போனால் அது வேறு உரிமை, வேறு தலைவலி. கரு யாருக்கும் சொந்தமில்லை என்பது மட்டும் உறுதி. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகச் சொன்னது. அந்த வழக்கும் ஒரு நாடகத்தைப் பார்த்துப் படம் எடுத்துவிட்டார்கள் என்று நாடகாசிரியர் போட்டதுதான். ஆகவே கருவை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதை நீங்களே எழுதுங்கள்.

படி 2: கதையை நம் மண்ணில் நடுங்கள்

எங்கள் முதல் பிரதியில் கதாநாயகி ஓர் அநாதை. ஏன் அநாதை, எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை, எழுதிய எனக்கும் சேர்த்துத்தான். வாசித்துப் பார்த்த அன்று எங்கள் குழுவில் ஒரு தம்பி கேட்டான்: "அண்ணே, இந்தப் பொண்ணுக்கு என்ன வேலை தெரியும்?" பதில் இல்லை. அவன் வீடு காசிமேட்டில். மறுநாள் அவனே பதிலையும் கொண்டுவந்தான்: "வலை கட்டத் தெரியும்னு வெச்சுக்கலாமே."

அந்த ஒரு வரியில் நாடகம் எழுந்து நின்றுவிட்டது. சர்க்கஸில் பார் விளையாட்டுக்கு அடியில் வலை கட்டியிருப்பார்கள் அல்லவா? எங்கள் சர்க்கஸின் வலை கிழிந்திருக்கிறது. புதிது வாங்க முதலாளியிடம் பணம் இல்லை. காசிமேட்டிலிருந்து கூலிக்கு ஒருவரை அழைக்கிறார்கள். அங்கே வலை செப்பனிடுவது பெரும்பாலும் ஆண்கள் செய்யும் வேலை. அப்பாவுக்குக் கை முடியாமல் போனதால் மகள் வருகிறாள். மூன்று நாள் கூலி பேசி வந்தவள் தங்கிவிடுகிறாள். பாவைக்காரன் முன்பு பாரில் பறந்தவன். இதே வலையின் கிழிசல் வழியாக விழுந்துதான் கால் போயிற்று. அவனை உடைத்த ஓட்டையைத்தான் அவள் தைத்துக்கொண்டிருக்கிறாள். அவனால் அவளிடம் நல்லதாக ஒரு வார்த்தை பேச முடியாததற்கு இதற்கு மேல் விளக்கம் எழுத வேண்டியதில்லை.

அடுத்து, கதை நடக்கும் ஆண்டை முடிவு செய்யுங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சர்க்கஸ் ஏன் நொடித்தது என்பது ஆண்டைப் பொறுத்தது. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் இவற்றை வித்தை காட்டப் பழக்கக் கூடாது என்று 1998இல் மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. வழக்கு போய், 2001இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2011இல் குழந்தைகளைச் சர்க்கஸில் பயன்படுத்தக் கூடாது என்ற உத்தரவு வந்தது. நாங்கள் 2001ஐ எடுத்துக்கொண்டோம். சிங்கம் போய்விட்டது, கூண்டு மட்டும் மிச்சம். அந்தக் காலிக் கூண்டுதான் பாவைக்காரனின் மேடை, படுக்கை, அலுவலகம் எல்லாம்.

முதலாளியைத் தலச்சேரிக்காரர் ஆக்குங்கள். கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் அங்கேதான் சர்க்கஸ் பள்ளி தொடங்கினார். இந்தியச் சர்க்கஸ் கலைஞர்களில் எத்தனையோ பேர் அந்த ஊர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். மலையாளம் கலந்த தமிழை லேசாகத் தொட்டால் போதும். நடிகர் அதை வைத்துச் சிரிப்பு வாங்க ஆரம்பித்தால் உடனே நிறுத்துங்கள். மாதக் கடைசியில் கணக்கு நோட்டைத் திறந்து பார்த்து மூடும் மனிதர் அவர்.

இன்னொன்று. சிடுசிடுக்கிற காதலனை நம் சினிமா ரொம்பவே செல்லம் கொடுத்து வளர்த்துவிட்டது. அவன் கடுமைக்குக் காரணம் இருக்கலாம், ஆனால் அவள் அதைக் கேட்காமல் விடக் கூடாது. எங்கள் நாடகத்தில் இரண்டாம் பாதியில் அவள் பாவையைப் பிடித்து அவன் கையிலிருந்து கழற்றிவிட்டு, "இப்ப பேசு" என்கிறாள். ஒத்திகையில் அந்தக் காட்சி வந்த பிறகுதான் எங்கள் கதாநாயகிக்கு அந்தப் பாத்திரமே பிடித்தது.

படி 3: பத்து வாரக் கணக்கு

முதல் இரண்டு வாரம் பிரதி வாசிப்பு. மூன்றாம் வாரத்திலிருந்து பாட்டு. பாவைகள் ஐந்தாம் வாரத்துக்குள் கைக்கு வந்துவிட வேண்டும், அதற்குப் பிறகு வந்தால் பழக நேரம் இருக்காது. ஏழாம் வாரம் கூடாரம் எழுப்பும் பயிற்சி. கடைசி வாரம் முழு ஓட்டம், குறைந்தது மூன்று முறை.

பாத்திரங்கள் ஒன்பதுக்கு மேல் வேண்டாம். எங்கள் ஆட்களில் துறைமுக வேலைக்குப் போகிறவர்கள், ஷிஃப்ட்காரர்கள், டியூஷன் எடுக்கிறவர்கள் எல்லாம் இருந்தார்கள். ஒரே நேரத்தில் எல்லோரும் கூடியது மொத்தம் நான்கு தடவை. அதனால் காட்சிகளை இரண்டு பேர், மூன்று பேர் காட்சிகளாக எழுதிவிட்டால் மொட்டை மாடியில் தனித்தனியாக ஒத்திகை பார்த்துக்கொள்ளலாம். கீழ்வீட்டுப் பாட்டிக்கு முதல் நாளே விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஒன்பதரைக்கு மேல் மேளம் கிடையாது என்று அவர்களே விதி போட்டுவிடுவார்கள்.

படி 4: பாட்டு

நாடகத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சர்க்கஸ் இசை என்றால் பித்தளை வாத்தியம். வட சென்னையில் பித்தளை வாத்தியத்துக்குப் பஞ்சமில்லை, தெருவுக்குத் தெரு பேண்டு செட் இருக்கிறது. டிரம்பெட், கிளாரினெட், சைடு டிரம், பெரிய டிரம். இந்த நான்கு பேர் வந்தால் உங்களுக்குச் சர்க்கஸ் வந்துவிட்டது. அதே செட்டுதான் கல்யாண ஊர்வலத்துக்கும் போகிறது, சாவுக்கும் போகிறது. சர்க்கஸ் காதல் கதைக்கு வேண்டிய சந்தோஷமும் துக்கமும் அவர்கள் மூச்சில் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டாம்.

சுருதியை முதலில் கேளுங்கள். டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பெரும்பாலும் பி பிளாட் வாத்தியங்கள், நம் கணக்கில் ஆறரைக் கட்டை. நாங்கள் ஹார்மோனியத்தை வைத்துக்கொண்டு வேறொரு கட்டையில் ஆறு பாட்டு மெட்டமைத்து முடித்துவிட்டோம். பேண்டு மாஸ்டர் வந்து கேட்டுவிட்டு, "தம்பி, இதுல வாசிச்சா விரல் சுளுக்கும்" என்றார். ஆறு பாட்டையும் மாற்ற வேண்டியதாயிற்று. பாடுகிறவரின் குரல், ஊதுகிறவரின் வாத்தியம் இரண்டையும் சேர்த்து உட்காரவைத்துச் சுருதியை முடிவு செய்த பிறகே மெட்டுக்குப் போங்கள்.

சர்க்கஸ் என்றதும் எல்லோர் காதிலும் ஒலிக்கும் அந்த ஜோக்கர் மெட்டு இருக்கிறதே, அது 1897இல் யூலியஸ் ஃபூசிக் எழுதிய ராணுவ அணிவகுப்பு மெட்டு. அவர் 1916இல் இறந்துவிட்டார், ஆகவே தாராளமாக வாசிக்கலாம். யாரோ பதிவு செய்ததை ஸ்பீக்கரில் போடாதீர்கள், அந்தப் பதிவுக்கு உரிமையாளர் இருக்கலாம். உங்கள் செட்டே வாசிக்கட்டும். கொஞ்சம் பிசிறடித்தால் இன்னும் நல்லது, நம் சர்க்கஸ் அப்படிப்பட்ட சர்க்கஸ்தானே.

காதல் பாட்டுக்கு என்ன செய்வது? முதலில் நாங்கள் மெல்லிசை மாதிரி ஒன்று போட்டோம். அழகாக இருந்தது, ஆனால் யாருடைய பாட்டாகவும் இல்லை. அப்புறம் அவளுக்கு மட்டும் கானாவைக் கொடுத்தோம். சர்க்கஸ்காரர்கள் பாடுவதெல்லாம் பேண்டு நடையில், வால்ட்ஸ் மாதிரி மூன்று எண்ணிக்கையில், அதாவது திஸ்ர நடையில். அவள் பாடுவது டேப் என்ற தோல் மேளமும் டோலக்கும் மட்டும் வைத்த கானா. இரண்டு உலகம் என்று வசனத்தில் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கடைசிப் பாட்டில் டோலக்கோடு டிரம்பெட் சேரும்போது ஜனங்களுக்குத் தானாகப் புரிந்துவிடுகிறது.

அவள் வலை கட்டிக்கொண்டே பாடும் முதல் பாட்டின் பல்லவியை இங்கே தருகிறேன். ஊசி ஒருமுறை உள்ளே போய் வெளியே வருவதற்கு ஒரு அடி என்று கணக்கு வைத்து எழுதியது:

கண்ணி ஒண்ணு அறுந்துபோச்சே, கடலுக்கு அது தெரியுமா?
கயித்துமேல போறவனுக்குக் கீழ கெடப்பது புரியுமா?
மீனு தப்பிப் போனாப் போவட்டும், மனுசன் தப்பிப் போகாதே,
ஊசி போற பாதை பாரு, ஊரு பேச்சு கேக்காதே.

வேலை செய்துகொண்டே பாடும் பாட்டை எழுதும்போது முதலில் அந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள். எங்கள் கதாநாயகி காசிமேட்டில் ஒரு பெரியவரிடம் நான்கு ஞாயிற்றுக்கிழமை போய் உட்கார்ந்தார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஊசியை விட்டு, முடிச்சை நகத்தால் தள்ளி இறுக்கும் அந்த அசைவு வந்த பிறகு பாட்டின் வேகமே மாறியது. நான் எழுதியிருந்த வேகத்தில் யாராலும் வலை கட்ட முடியாது.

மெட்ராஸ் பாஷை விஷயத்தில் ஒரு சொல். 'இன்னா', 'நைனா' என்று வரிக்கு ஒன்று தூவினால் வட சென்னை வந்துவிடாது. நம் ஊர்க்காரர்கள் யாரிடம் பேசுகிறோம் என்று பார்த்துப் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். அவள் முதலாளியிடம் "சார், கூலியை இன்னிக்கே கொடுத்துட்றீங்களா?" என்பாள். பாவையிடம் "இன்னாத்துக்கு மொறைக்கிற?" என்பாள். பாவையிடம் மட்டும்தான் அவள் வீட்டில் பேசுவதுபோலப் பேசுகிறாள் என்பது இதிலிருந்தே தெரிய வேண்டும்.

படி 5: பாவை செய்தல், பாவையைப் பழகுதல்

நம்முடைய மரப்பாவைகள் அற்புதமானவை. ஆனால் தமிழ்நாட்டுப் பொம்மலாட்டப் பாவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை இருக்கும். அதை ஆட்டப் பரம்பரைத் தோள் வேண்டும். கூண்டுக் கம்பிக்கு நடுவே நீட்ட வேண்டிய நமக்குக் கையுறைப் பாவையே சரி.

ஓர் ஆரஞ்சுப் பழத்தைவிடச் சற்றுப் பெரிய பிளாஸ்டிக் பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் எண்ணெய் தடவி, கிழித்த செய்தித்தாளைப் பசையில் தோய்த்து ஒட்டுங்கள், ஐந்தாறு அடுக்கு. ஒவ்வோர் அடுக்கும் காய்ந்த பிறகு அடுத்தது. மூக்கு, தாடை, புருவம் எல்லாம் காகிதக் கூழை உருட்டி வைப்பது. காய்ந்ததும் பிளேடால் இரண்டாகப் பிளந்து, பந்தை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டிவிடுங்கள். கழுத்துக்கு அட்டைக் குழல், ஆள்காட்டி விரல் இறுக்கமாக நுழையும் அளவு. பசைக்கு மைதாவைக் கிண்டும்போது போஸ்டர் ஒட்டுகிறவர்கள் செய்வதுபோலக் கொஞ்சம் மயில்துத்தம் சேர்த்தால் பூச்சி அரிக்காது. அது விஷம், ஆகவே சமையல் பாத்திரத்தில் கிண்டாதீர்கள், கையுறை போடுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

வண்ணம் பூசிய பிறகு வார்னிஷ் அடிக்காதீர்கள். விளக்கு பட்டு முகம் பளபளத்தால் கண்ணும் வாயும் மறைந்துவிடும். கண்ணை நீங்கள் நினைப்பதைவிட இரண்டு மடங்கு பெரிதாக வையுங்கள். உடைக்குக் கோடவுன் தெருவில் கட் பீஸ் வாங்கலாம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் கிடைக்கும். துணி முழங்கை வரை வர வேண்டும், சட்டை நுனி தெரிந்தால் மாயம் கலைந்துவிடும்.

செய்வது பாதி வேலைதான். பாவை பேசுவது எளிது, கேட்பதுதான் கஷ்டம். பழகாதவர் கையில் பாவை எப்போதும் ஆடிக்கொண்டே இருக்கும். கண்ணாடி முன் உட்கார்ந்து, யாராவது பேசும்போது பாவையை அசையாமல் வைத்து, வாக்கியம் முடியும் இடத்தில் மட்டும் தலையைச் சாய்க்கப் பழகுங்கள். பத்து நிமிஷத்தில் தோள் வலி எடுக்கும். முதலில் பார்வை திரும்ப வேண்டும், அப்புறம்தான் பேச்சு வர வேண்டும். பாவையின் வாய் அசையாது என்பதால் ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டத் தோன்றும். வேண்டாம், ஒரு வாக்கியத்துக்கு ஓர் அசைவு போதும்.

எங்கள் நாடகத்தில் காதல் தொடங்கும் இடம் இதுதான். அவள் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வலை கட்டுகிறாள். கம்பிக்கு நடுவே பாவை மெல்லத் தலையை நீட்டி, வலையை உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த ஒரு கண்ணியை மட்டும் ஏன் சின்னதாப் போட்ட?" என்று கேட்கிறது. அவள் திரும்பாமலே, "அங்கதான் யாரோ வுழுந்திருக்காங்க. நூல் சொல்லுது" என்கிறாள். பாவை அசையவில்லை. அதன் பின்னால் அவன் முகம் மட்டும் கம்பிகளுக்கு நடுவே தெரிகிறது. அந்த அமைதிக்கு நாங்கள் எட்டு எண்ணிக்கை வைத்திருந்தோம். முதல் நாள் நடிகர் பயந்துபோய் மூன்றில் முடித்துவிட்டார்.

படி 6: கூடாரம், கூண்டு, வலை, பார் இல்லாத பார் விளையாட்டு

கூடாரத்துக்குச் சாமியானாக்காரர் போதும். கொஞ்சம் பழைய துணியாகக் கேளுங்கள், அவருக்கே ஆச்சரியமாக இருக்கும். நடுவில் ஒரு சவுக்குக் கம்பு, சுற்றி நான்கு கயிறு. மண்டப மேடையில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்பதால் கயிற்றின் அடியில் மணல் மூட்டை. எழுப்பும் காட்சி நாலரை நிமிஷத்துக்குள் முடிய வேண்டும், அதற்கென்று ஒரு பாட்டும் வேண்டும். யார் எந்தக் கயிறு என்று எழுதி ஒட்டிவிடுங்கள். கம்பு சாய்ந்தால் 'விடு' என்று கத்துவதற்கு ஒரே ஒருவர், அவர் கத்தினால் வேறு யாரும் பேசாமல் விலக வேண்டும்.

கூண்டு பிவிசி குழாயில் செய்து கறுப்படித்தது. கம்பிகளுக்கு நடுவே நான்கு அங்குல இடைவெளி இருந்தால் பாவை தாராளமாக வெளியே வரும்.

வலைக்குப் பழைய இழுவலைத் துண்டு கேட்டு வாங்கினோம், தடித்த நூல், தூரத்திலிருந்து பார்த்தால் சர்க்கஸ் வலை போலவே இருக்கும். சோப்புத் தண்ணீரில் இரண்டு இரவு ஊறவைத்து, மூன்று நாள் வெயிலில் போட்டோம். அப்படியும் முதல் ஒத்திகையில் ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டே காதல் வசனம் பேசினார். இதை நிஜமாக ஆள் விழுவதற்கு ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். அது மீன் தாங்க நெய்தது.

அதேபோல நிஜ பார் விளையாட்டு வேண்டவே வேண்டாம். பயிற்சி இல்லாதவர் ஆறடி உயரத்திலிருந்து விழுந்தாலும் நாடகம் ஆஸ்பத்திரியில்தான் முடியும். நாங்கள் செய்தது இதுதான்: மேலே ஒரு கயிறும் கட்டையும் மட்டும் தொங்கும். அதை ஆட்டிவிட்டு ஒரே ஒரு விளக்கை வைத்தோம். மேடையில் இருந்த எட்டுப் பேரும் அது போகும் திசையில் தலையைத் திருப்புவார்கள், இடம், வலம், இடம். சைடு டிரம் உருளும். திடீரென்று எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் கீழே பார்க்கும். பெரிய டிரம்மில் ஒரே அடி. முதல் வரிசையில் ஓர் அம்மா "ஐயோ" என்று எழுந்தே விட்டார்.

மாயவித்தைக்காரனுக்கு ஒரு வித்தை போதும், கயிற்றை வெட்டி ஒட்டுவது. ஆனால் அதைத் தூக்கத்தில்கூடத் தப்பாமல் செய்கிற அளவுக்குப் பழக வேண்டும். சொதப்பினால் அவள் அவனிடம் மயங்கியதை யாரும் நம்பமாட்டார்கள்.

படி 7: இடம், நாள், அனுமதி

கல்யாண மண்டபம்தான் நமக்கு மேடை. முகூர்த்த நாளில் கிட்டப் போக முடியாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை என்பதால் வாடகை பேசிக் குறைக்கலாம். ஆடியை நான் சிபாரிசு செய்யமாட்டேன். நம் பக்கத்தில் ஆடி என்றால் தெருவுக்கு ஓர் அம்மன், அம்மனுக்கு இரண்டு ஒலிபெருக்கி. கூழ் ஊற்றும் ஞாயிறன்று உங்கள் காதல் வசனத்தை யாரும் கேட்கப் போவதில்லை. மார்கழியில் மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், பேண்டுக்காரர்களுக்கும் கல்யாண வேலை இருக்காது.

உள்ளூர்க் காவல் நிலையத்தில் தேதி, நேரம், ஒலிபெருக்கி விவரத்தோடு கடிதம் கொடுத்து, எழுத்தில் அனுமதி வாங்குங்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. மூடிய அரங்குக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் தகரக் கூரை மண்டபத்தை மூடிய அரங்கு என்று பக்கத்து வீட்டுக்காரரை நம்பவைப்பது கடினம். ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடிப்பது எல்லோருக்கும் நல்லது. கிளியோ நாய்க்குட்டியோ மேடைக்குக் கொண்டுவரலாம் என்று யாராவது யோசனை சொன்னால் உடனே மறுத்துவிடுங்கள். விலங்குகளைக் காட்சிக்கு வைக்கத் தனிப் பதிவு வேண்டும். அதோடு, நம் கதையே காலிக் கூண்டைப் பற்றியது.

ஒலி அமைப்புக்காரரைக் கடைசி ஒத்திகைக்கே வரச் சொல்லுங்கள். நாங்கள் பேசிவைத்த ஒருவர் நாடகத்தன்று மாலை ஐந்தரைக்குத்தான் வந்தார், எட்டு மைக் என்று சொன்னவர் மூன்று கொண்டுவந்தார். மூன்றையும் மேடை விளிம்பில் வைத்துவிட்டு, வசனம் பேசுகிறவர்கள் முன்னால் வருமாறு நிலைகளை அரை மணி நேரத்தில் மாற்றினோம். பாவையின் குரல் மட்டும் கூண்டிலிருந்து கேட்காது என்பதால் மூன்றில் ஒன்றைக் கூண்டுக்குள் வைத்தோம்.

படி 8: நாடக இரவு

கதவை ஆறு மணிக்குத் திறந்துவிடுங்கள், ஆறே காலுக்கு ஆட்கள் மேடையில் கயிறு சுற்றத் தொடங்கட்டும். ஜனங்கள் பேசிக்கொண்டே வந்து உட்காருவார்கள், இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைப்பார்கள். நினைக்கட்டும். கூடாரம் எழும்பி நிற்கும்போது மொத்த மண்டபமும் அடங்கிவிடும்.

விசில் வரும். "ஒன்ஸ் மோர்" கேட்பார்கள். பழைய கம்பெனி நாடகக் காலத்துப் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் போகவில்லை. எந்தெந்தப் பாட்டுக்கு மறுமுறை பாடலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்து பேண்டு மாஸ்டரிடம் சொல்லிவையுங்கள். வலைப் பாட்டை மறுமுறை பாடலாம். அவள் பாவையைக் கழற்றுவதற்கு முந்தின பாட்டை, எத்தனை விசில் வந்தாலும் பாடக் கூடாது.

பேண்டுக்காரர்களுக்கு மாற்று ஏற்பாடு வையுங்கள். மார்கழியில் கல்யாணம் இல்லை, சரி, சாவுக்கு நாள் நட்சத்திரம் ஏது? கடைசி ஒத்திகையன்று மாலை எங்கள் டிரம்பெட்காரருக்குப் புளியந்தோப்பிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. போகாமல் இருக்க முடியாது என்றார், நாங்களும் தடுக்கவில்லை. ஒரு பையன் கீபோர்டில் சமாளித்தான். எட்டே முக்காலுக்கு அவர் திரும்பி வந்தார், சிவப்புச் சட்டைக் காலரில் சாமந்தி இதழ் ஒட்டியிருந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நேராக நின்று கடைசி வால்ட்ஸை ஊதினார். டோலக் வாசிக்கிறவன் ஓர் அடி விட்டுவிட்டான்.

படி 9: பிரிப்பது

கூடாரத்தைக் கடைசிக் காட்சியிலேயே மேடையில் பிரித்துவிடுங்கள், பாதி வேலை மிச்சம். சாமியானாவை மடிப்பதற்கு முன் கிழிசல்களைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கிழிசலுக்குப் பணம் கேட்பார்கள். மணல் மூட்டைகளை யார் வீட்டு மாடியில் வைப்பது என்று முன்பே பேசிவிடுங்கள், நாடகம் முடிந்த இரவில் அதைப் பேசினால் நட்பு கெடும். பாவைகளைப் பிளாஸ்டிக் பையில் கட்டாதீர்கள், பூஞ்சை பிடிக்கும், பழைய தலையணை உறையில் போட்டுத் தொங்கவிடுங்கள்.

வலையைத் திருப்பிக் கொடுக்கக் கதாநாயகியும் நானும் காசிமேட்டுக்குப் போனோம். பெரியவர் அதை விரித்து, கதாநாயகி கட்டிய இடத்தையெல்லாம் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு முடிச்சில் நின்று, "இது வுட்டுடும்மா" என்று ஊசியை எடுத்துக் கதாநாயகி கையில் கொடுத்தார். அதைப் பிரித்துச் சரியாகப் போட்டுவிட்டு நாங்கள் கிளம்ப ஒன்பதரை ஆகிவிட்டது.